மணல் அள்ளியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நமீபியப் பாலைவனத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வைர நகரமான கோல்மன்ஸ்கோப்பின் படங்களைப் பார்த்தேன். வண்ணம் வெளுத்த சுவர்கள், திறந்தே கிடக்கும் கதவுகள், அறைக்குள் இடுப்பளவு மணல். பார்க்கப் பார்க்க அழகு. அங்கே வாழ்ந்தவர்கள் மணலிடம் தோற்றுத்தான் ஊரைவிட்டுப் போனார்களா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை. மணல் யாரையும் விரட்டவில்லை. 1928இல் தெற்கே, ஆரஞ்சு நதி கடலில் சேரும் பகுதியில் இதைவிட வளமான வைரப் படிவுகள் கிடைத்தன. தொழில் அந்தப் பக்கம் போயிற்று. ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, 1956இல் ஆளற்றுப் போனது. அதன் பிறகுதான் மணல் வீட்டுக்குள் குடியேறியது. அதுவரை அதை அள்ளி வெளியே கொட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் படங்களை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை.

நமீபியா 1915 வரை ஜெர்மனியின் காலனி. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஜெர்மானிய அதிகாரிகளின் வீடுகள். ஏறக்குறைய 300 ஜெர்மானியர்களுக்காக அங்கே நடன அரங்கம் இருந்தது, ஐஸ் தொழிற்சாலை இருந்தது. குடிநீர் கேப்டவுனிலிருந்து கப்பலில் வந்தது. வடக்கேயிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஒவாம்போ தொழிலாளர்கள் சுமார் 800 பேர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, கொட்டடிகளில் தங்கி, வைரம் எடுத்தவர்கள். மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி வைத்திருந்தார்கள். அது நோய்க்கு மட்டுமல்ல, தொழிலாளி வயிற்றில் வைரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும்தான்.

அந்த ஊர் பிறந்ததே மணல் அள்ளிய ஒருவரின் கையில். 1908 ஏப்ரலில், லூடெரிட்ஸ் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் ரயில் பாதையில் மணலை அகற்றிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா ஒரு கல்லைக் கண்டார். முன்பு தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டௌக் நிலத்தில் உரிமம் எடுத்துப் பெருஞ்செல்வரானார். கண்டெடுத்தவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதற்கும் முன்னே போக வேண்டும், கே. அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் யார்? 1904இல் தொடங்கி ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தது. எஞ்சியவர்களைச் சிறை முகாம்களில் அடைத்தது. லூடெரிட்ஸை ஒட்டிய சுறாத் தீவு முகாமிலிருந்து பெண்களையும் ரயில் வேலைக்கு ஓட்டிப் போனார்கள். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை அந்தப் பாதையில் வேலை செய்த கைதிகள் 2,014 பேர். இறந்தவர்கள் 1,359 பேர்.

அடுத்த ஆண்டு லெவாலா மணல் அள்ளிக்கொண்டிருந்தது அந்தப் பாதையில்தான்.