கேள்வி-பதில்: ராம் கெட்டால் ஃபார்மட் எதற்கு?

நான்கு வருட அசெம்பிள்டு கம்ப்யூட்டர். வேலை நடுவில் நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து 500, 500 வாங்கினார்கள். இப்போது மதர்போர்டு போச்சு, 7,000 ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

இன்று ஒரு ராத்திரி பொறுங்கள். நீலத் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருமே, அது ஒவ்வொரு தடவையும் மாறுகிறதா? ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', மறுநாள் 'பேஜ் ஃபால்ட்', அப்புறம் வேறேதோ என்றால் என் சந்தேகம் முதலில் ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) மேல்தான். ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது 'சிஆர்சி எரர்' (ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை) வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நீலத் திரையே காட்டாமல் கரண்ட் போனதுபோலப் பட்டென்று அணைந்தால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பாருங்கள்.

பழைய பென் டிரைவ் ஒன்றில் (உள்ளே இருப்பது அழிந்துவிடும்) ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளை ஏற்றுங்கள், இலவசம்தான். அதிலிருந்து பூட் செய்துவிட்டு (விண்டோஸுக்குப் போகாமல் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி) படுக்கப் போங்கள். காலையில் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் கோளாறுதான். 'ஒண்ணுதானே' என்று விடாதீர்கள். பயோஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி., அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதி, போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது சுத்தமாக வந்தால், ராம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

அப்போதும் சிவப்பா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ராம் ஸ்டிக்கை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் (ராமைச் சொருகும் இடம்) அடுத்ததை. இப்படியே மற்ற ஸ்லாட்டிலும். எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் ஒரே ஸ்டிக் தப்புக் காட்டினால் ராம். எந்த ஸ்டிக்கை மாட்டினாலும் ஒரே ஸ்லாட் தகராறு செய்தால் மதர்போர்டு, கடைக்காரர் சொன்னது சரி. கழற்றித் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டியதிலேயே குணமான பெட்டிகளும் உண்டு.

இன்னொன்று, சோதனை முடியும்வரை முக்கியமான ஃபைலைக் காப்பி செய்யாதீர்கள். கெட்ட ராமோடு மூன்று மாதம் ஓட்டியவன் நான். மகளின் முதல் பிறந்தநாள் படங்களை அந்தக் கம்ப்யூட்டர் வழியாக மாற்றினேன். பதினோரு படங்களில் கேக்குக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை.

சலுகை விலையில் டி.டி.ஆர்.5 ராம் வாங்கினேன். என் மதர்போர்டு அதற்கு முந்தைய தலைமுறையான டி.டி.ஆர்.4. அழுத்திப் பார்த்தும் உட்காரவில்லை. (மதுரை)

உட்காராது. நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதே உங்களைப்போல் அழுத்துகிறவர்களைத் தடுக்கத்தான்.

12 நாள் முன்பு வாங்கிய 16 ஜிபி ராம், சோதனையில் தப்புக் காட்டுகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார் கடைக்காரர். (சேலம்)

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பொருள் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்பினால் அவர் மறுக்கட்டும். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள் கேட்க வேண்டும், கெடு போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. சிவப்பு வரிகள் தெரியும்படி திரையைப் படமெடுங்கள், ராமில் ஒட்டிய சீரியல் நம்பரையும் எடுங்கள். பில் நகலோடு கடைக்கு எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் வாங்கி வைத்தீர்களே, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 'ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுக்கலாம் சார்' என்றதும் பல்லிளித்துத் தலையாட்டிவிட்டு, பிறகு எனக்கு மூன்று பக்கம் எழுதுகிறவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

ஏற்கெனவே 8 ஜிபி இருக்கிறது. வேறு கம்பெனி 8 ஜிபி சேர்க்கலாமா? (நாகர்கோவில்)

பெரும்பாலும் ஓடும், இரண்டில் மெதுவானதன் வேகத்தில். தனித்தனியாகத் தேறிய இரண்டும் சேர்ந்து தோற்பதும் உண்டு. ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரைப் பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பழைய ராம், 'டெஸ்டட் ஓகே' ஸ்டிக்கரோடு பாதி விலைக்கு வருகிறது. நம்பலாமா? (தாம்பரம்)

அந்த ஸ்டிக்கர் ரோல் கணக்கில் கிடைக்கிறது. மேலே சொன்ன பிறந்தநாள் படங்களைத் தின்றதும் அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய ராம்தான். 900 ரூபாய், பில் இல்லை.