பழைய காரின் தேய்ந்த சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். மேடு பள்ளத்தில் வண்டி கடகடவென்று தட்டுகிறது, மெக்கானிக் கையை விரித்துவிட்டார், அதனால்தானே கேட்கிறீர்கள்? எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

என்னுடையது மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளின் ரப்பர் புஷ்களை, அதாவது போல்ட்டைச் சுற்றி அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகளை, நானே மாற்றினேன். துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டு. தினமும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, நாலு தட்டுத் தட்டிவிட்டுத் தூங்கப் போவேன். கழன்று வந்த புஷ் ஒரு பக்கம் காகிதமாய் மெலிந்தும் மறுபக்கம் புதிதுபோலவும் இருந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தொட்டு நுழைத்தேன். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

மடத்தனம் அதற்குப் பிறகுதான். வண்டி தாங்கு ஸ்டாண்டுகள்மேல் தூக்கி நிற்க, சக்கரம் தொங்க, எல்லா நட்டையும் அப்படியே இறுக்கிவிட்டேன். இந்த வகை புஷ் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டது. ஆறு மாதத்தில் கிழிந்து, மறுபடியும் அதே சத்தம். நட்டைக் கையளவில் பிடிக்கவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அழுத்தி ஆட்டிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும்.

முன்பக்கம் வேறு கதை. மைனரில் அங்கே சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக் கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்யும் நீள இரும்புக் கம்பி. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்ப்பக்க இரும்புக் கையை ஜாக்கியால் தாங்காமல் கழற்றினால் அது அடிக்கும் அடியில் விரல் மிஞ்சாது. இடது பாரை வலதுபக்கம் மாட்டவும் கூடாது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் மரை தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

‘உயிரோடு விளையாடுகிறான்’ என்று எழுத இருப்பவர்களுக்கு: ஜாக்கியை மட்டும் நம்பி நான் ஒருநாளும் அடியில் படுத்ததில்லை. வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்தேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்பேனரை இரவல் தராதீர்கள். என் மைத்துனர் 9/16 அங்குல ஸ்பேனரை வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டு, ‘எல்லாம் ஒன்றுதான் மாமா’ என்று 14 மில்லிமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அது மைனரின் அங்குல அளவு நட்டில் நுழையவே நுழையாது. 15 போட்டால் மூலை மழுங்கும். அவருக்கு இது இன்றுவரை புரியவில்லை.