தண்ணீரில் நின்றும் வாடும் செடி: செயல்மிகு கடத்தல் பற்றிச் சில கேள்விகள்

மாடித் தோட்டத்தில் கத்தரித் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிவிட்டது. தண்ணீரிலேயே நிற்கிற செடி ஏன் வாடுகிறது?

தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கும், முதலில் அதைக் குத்திவிடுங்கள், காரணத்தை அப்புறம் படிக்கலாம். மண்ணில் காற்று இருந்த இடைவெளிகளை எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும், அதனால் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வேரும் நுண்ணுயிரிகளும் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) வாக்கில் கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2.

வேர்ச் செல்லின் சவ்வில் உள்ள புரோட்டான் பம்புகள் இந்த ஏடிபியை நம்பித்தான் ஓடுகின்றன. பம்பு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும், அவை திரும்ப உள்ளே வரும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். மண்நீரில் பாஸ்பேட் மைக்ரோமோல் கணக்கில், செல்லுக்குள்ளோ அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய அலகான மில்லிமோல் கணக்கில். இவ்வளவு ஏற்றத்தில் எதுவும் சும்மா ஏறி வராது, இப்படி ஆற்றலைச் செலவழித்துக் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு ஏற்றுவதுதான் செயல்மிகு கடத்தல். பம்பு படுத்தால் வரத்தும் படுத்துவிடும், செடி கீழ் இலையிலிருந்து தழைச்சத்தை உருவித் தளிருக்கு அனுப்பும், கீழ் இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துத் தொட்டியில் யூரியாவைக் கொட்டாதீர்கள், உறிஞ்சும் நிலையில் வேர் இல்லை.

வாடுவதற்குக் காரணம் வேறு. ஆக்சிஜன் கிடைக்காத வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, அதில் தண்ணீர் நுழையும் அக்வாபோரின் வழிகள் மூடிக்கொள்கின்றன.

அப்போ நெல்?

நெல்லுக்குத் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு, மேலிருந்து வேர்நுனி வரை ஆக்சிஜன் இறங்கிவிடும். சேற்றிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள், வேரில் துருநிறப் படலம் தெரியும்: வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் பட்டுச் சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்த அடையாளம்.

வேர் தண்ணீரையும் பம்பு வைத்தா இழுக்கிறது?

இல்லை. தண்ணீரைத் தள்ளுவதற்கென்று தனிப் பம்பு கிடையாது. உப்புகளைத்தான் வேர் காசு கொடுத்து உள்ளே ஏற்றுகிறது, தண்ணீர் சவ்வூடு பரவலில் பின்னாலேயே வருகிறது. பகலில் இலையின் நீராவிப்போக்கு மிச்ச வேலையைப் பார்க்கும். விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் துளி எல்லாமே பனி இல்லை, பாதி நேரம் அது வேரழுத்தத்தில் வெளியே வந்த தண்ணீர்.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் சர்க்கரை ருசிக்காகவா?

ருசிக்காக இல்லை. சிறுகுடல் செல்லில் உள்ள ஒரு கடத்தி, ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுக்கும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். காலரா வந்தாலும் இந்த வழி கெடுவதில்லை. உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கம் வெளியேற்றுவது சோடியம்-பொட்டாசியம் பம்பு: ஓர் ஏடிபிக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கவ் இதை நண்டுக்கால் நரம்பில் கண்டுபிடித்து 1957-இல் வெளியிட்டார், நோபல் வந்து சேர்ந்ததோ 1997-இல். வேர் புரோட்டானை வைத்துச் செய்வதை நம் குடல் சோடியத்தை வைத்துச் செய்கிறது, அவ்வளவுதான். குழந்தை குடிக்கட்டும் என்று இனிப்பைக் கூட்டிவிடாதீர்கள், சர்க்கரை மிஞ்சினால் தண்ணீர் குடலுக்குள் திரும்பி வந்து வயிற்றுப்போக்கு அதிகமாகும்.

எளிதாக்கப்பட்ட பரவலையும் செயல்மிகு கடத்தலையும் எப்படிப் பிரிப்பது? தேர்வு வருகிறது.

எளிதாக்கப்பட்ட பரவல் என்பது ஆற்றல் செலவில்லாமல், புரதத்தின் வழியாக, இறக்கத்தில் போவது. இரண்டுக்கும் புரதம் வேண்டும், அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. சயனைடு போட்டு ஏடிபி உற்பத்தியை நிறுத்தினால் எது நிற்கிறது என்று யோசியுங்கள், நிற்பதுதான் செயல்மிகு கடத்தல். அயனி என்றால் செறிவோடு மின்னூட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேர்ச் செல்லின் உட்புறம் 120 மில்லிவோல்ட் எதிர்மின் என்றால், உள்ளே பொட்டாசியம் நூறு மடங்கு இருந்தாலும்கூட நேர்மின் அயனியான அது, ஆற்றல் செலவில்லாமல், சவ்விலுள்ள வெறும் கால்வாய்ப் புரதம் வழியாகவே நுழைய முடியும். மண்ணில் அது ரொம்பக் குறைந்தால்தான் புரோட்டானோடு சேர்த்து இழுக்கும் கடத்தி தேவைப்படும். இரண்டு மார்க் கேள்விக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.