பொதுத் தாள்கள் வேலைக்கு உதவுமா?

பி.ஏ. வரலாறு முதலாண்டில் தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் கல்வி போன்ற பொதுத் தாள்களால் வேலைக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு, முதல் செமஸ்டரிலேயே தொடங்கினால்.

மொழித் தாள்களை எழுத்துப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பாடத்தை 100 சொல்லில் சுருக்கி, ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, மறுபடி எழுதுங்கள். சுற்றுச்சூழல் தாளுக்குக் கள அறிக்கை கேட்டால், சீனியருடையதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. உங்கள் தெருவில் 20 வீடுகளில் குப்பையைப் பிரிக்கிறார்களா என்று நேரில் கேட்டு எக்செல்லில் ஏற்றுங்கள். கேள்வி தயாரிப்பது, அட்டவணை போடுவது, அறிக்கை எழுதுவது மூன்றும் கைவந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஒரு 7 நாள் முகாம். பலர் சான்றிதழோடு நின்றுவிடுகிறார்கள். நேர்முகத்தில் எடுபடுவது செய்த வேலைதான். பயோடேட்டாவில் "தலைமைப் பண்பு உண்டு" என்பதைவிட, "50 பேர் முகாமின் சாப்பாட்டுக் கணக்கைப் பில்லோடு தினமும் ஒப்படைத்தேன்" என்பது ஆயிரம் மடங்கு மேல், உண்மையில் செய்திருந்தால்.

2022-இல் தமிழக அரசு மாணவர்களுக்காகத் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சியில் கற்பதை அதே செமஸ்டர் அசைன்மென்ட் ஒன்றில் பயன்படுத்திவிடுங்கள். தேர்வு முடிந்தால் மறந்துபோகும்.