தவணைக் கடையில் கொடுத்த ஐசி விவரம் திருடு போனால் நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவள். ஒரு பெரிய கம்பெனியின் கடையில் ஐஸ் பெட்டியும் துணி துவைக்கும் மெஷினும் தவணைக்கு வாங்கினேன். ஒரு நாள் போன் வந்தது. பேசியவர் என் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், ஒப்பந்த எண், இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதுவரை சரியாகச் சொன்னார். ஒரே தடவையில் 3,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார். மகன் போனிலிருந்து கட்டிவிட்டான். மூன்று வாரம் கழித்து, வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போய்விட்டதாகக் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது. கடையில் கேட்டால், "நீங்களாகக் கொடுத்த பணம், தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள்" என்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: அம்மா, கேட்கலாம். உங்கள் வழக்கு இரண்டு தேதிகளில் நிற்கிறது: திருட்டு நடந்தது கம்பெனிக்குத் தெரிந்த நாள், உங்களுக்கு அந்தப் போன் வந்த நாள். இரண்டாவது உங்களிடம் இருக்கிறது. முதலாவதை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அதற்கு முன் இன்றைக்கே இரண்டு வேலை. மோசடிக்கான 997 எண்ணுக்கும் மகனுடைய பேங்குக்கும் போன் செய்யுங்கள். பணம் கை மாறிப் போயிருக்கலாம். இருந்தாலும் அந்தக் கணக்கைத் தேடிப் பிடிக்கப் புகார் பதிவாகியிருக்க வேண்டும். அப்புறம் மகனோடு போலீஸ் நிலையம் போய் ரிப்போர்ட் செய்யுங்கள். ஏமாந்தேன் என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த ஆள் எந்தெந்த விவரத்தைச் சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்த எண், பாக்கித் தவணை, பொருளின் பெயர், எல்லாம். மலாய் வாசகத்தை மகன் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்பெனி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். 2017இல் நம் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியானது. ஐசி நம்பரும் முகவரியும்கூட அதில் இருந்தன. "உங்கள் விவரம் எப்போதோ வெளியே போய்விட்டது, எங்களிடமிருந்துதான் போனது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். உங்கள் மெஷினின் ஒப்பந்த எண் அந்தப் பழைய பட்டியலில் இருக்க வழியில்லை. உங்கள் பாக்கித் தவணை உங்களுக்கும் கம்பெனிக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. இதுதான் உங்களுடைய பலமான ஆதாரம்.

இனி சட்டம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வியாபாரத்துக்காக வாங்கிய விவரத்தைப் பத்திரமாக வைக்கும் கடமையைக் கம்பெனிமேல் வைக்கிறது. (அரசாங்கத் துறைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.) 2024இல் வந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் இப்படித் திருட்டு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடிய வாடிக்கையாளர்களுக்கு அதிலிருந்து 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். உங்களுக்குப் போன் வருவதற்கு முன்பே கம்பெனிக்கு விஷயம் தெரிந்திருந்து, சொல்லாமல் காலம் கடத்தியிருந்தால், அது பெரிய தவறு. முன்கூட்டியே ஒரு வரி வந்திருந்தால் நீங்கள் அந்த ஆளை நம்பியிருக்க மாட்டீர்கள்.

பாதுகாப்புக் கடமையை மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளிவரை போகலாம், சிறையும் உண்டு. ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடு என்று இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். ஆணையரிடம் புகார் கொடுங்கள். விசாரணையில் வெளிவருவது உங்களுக்கு உதவும். பணத்துக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்: கவனக்குறைவு, ஒப்பந்த மீறல் என்ற அடிப்படையில் உரிமைக்கோரல்.

உங்கள் இழப்பு 5,000 வெள்ளிக்குள் இருப்பதால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். இன்னொரு வழி பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம். 50,000 வெள்ளிவரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். இது சேவைக் குறைபாடு இல்லை, அதனால் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று கம்பெனி அங்கே வாதாடக்கூடும். அதனால் நீதிமன்றம்தான் உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. எங்கே போனாலும், "நீங்களும் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். 1956 சிவில் சட்டம் அதற்கு இடம் தருகிறது. முழுத் தொகையும் வரும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டாம். பயம், தூக்கமின்மைக்கு ஈடு வாங்குவது இன்னும் கடினம். போலீஸ், பேங்க் என்று அலைந்த பஸ் செலவு ரசீதுகளையாவது எடுத்து வையுங்கள்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடன் வேறு, இந்த வழக்கு வேறு. நிறுத்தினால் வழக்குப் போடுவது அவர்களாக இருக்கும். கடையில் கூப்பனோ தள்ளுபடியோ கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

ஐசி நம்பர் திருடர் கையில் இருப்பதால் உங்கள் பெயரில் வேறு கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் கடன்களைக் காட்டும், பேங்க் நெகாராவின் (நாட்டின் மத்திய வங்கி) சிசிரிஸ் அறிக்கை இலவசம். மகனோடு உட்கார்ந்து ஆன்லைனில் எடுங்கள். இனி யாராவது கணக்கு எண் கொடுத்தால், பணம் போடும் முன், மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையத் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் உண்டு. தீர்ப்பாயத்துக்கு மூன்று வருடம். ஆனால் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பும் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். திருட்டு எந்த நாளில் தெரிய வந்தது, ஆணையருக்கு எப்போது சொன்னீர்கள், என் விவரத்தில் எவையெல்லாம் போயின என்று கேளுங்கள். கூடவே, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரத்தின் நகல் வேண்டும் என்றும் எழுதுங்கள். அதற்கு 10 வெள்ளிக்கு மேல் கேட்கக் கூடாது. 21 நாளுக்குள் தர வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அஞ்சல் ரசீதோடு அந்தக் கடிதத்தின் நகலை வழக்கில் இணைக்கலாம்.