டெண்ட்ரைட்டில் வாய்க்கால் திறந்தால்: கேள்வி பதில்

நரம்பணு செய்தி வாங்கும் கிளைகளான டெண்ட்ரைட்டுகளில், மின்னேற்றமுள்ள அயனிகளைச் சவ்வு வழியே விடும் அயனி வாய்க்கால்கள் செய்யும் வேலையைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் காரைக்குடியிலிருந்து பதில் எழுதுகிறேன். வாய்க்கால் திறந்தாலே கிளர்ச்சி, அதாவது நரம்பணு துடிக்க முற்படும் என்று எண்ண வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தான் வாசகர்: டெண்ட்ரைட் செய்தியைச் சுமந்து வரும் வெறும் கம்பிதானே, ஐயா?

உங்கள் ஊரில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரல் வளவைக் கடந்து திண்ணைக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். அதுபோலவே, தொலைவிலுள்ள சினாப்ஸில் (இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில்) எழும் சிறு மின்னழுத்த மாற்றம் சவ்வு வழியே கசிந்து, செல்லுடலை அடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். வெறும் கம்பியாக இருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் 1994இல் ஸ்டூவர்ட், சாக்மன் என்ற ஆய்வாளர்கள் எலியின் பெருமூளைப் புறணியில் செல்லுடலிலும் டெண்ட்ரைட்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தபோது, செய்தியை வெளியே அனுப்பும் இழையான ஆக்ஸானில் எழுந்த மின்துடிப்பு பின்னோக்கி டெண்ட்ரைட்டுக்குள்ளும் ஏறுவதையும், அங்குள்ள சோடியம் வாய்க்கால்கள் அதற்குக் கைகொடுப்பதையும் கண்டார்கள்.

பள்ளத்தூர் ஆசிரியை: அந்தத் துடிப்பை அடக்குவது எது?

பொட்டாசியம் அயனியை வெளியே விட்டு மின்னழுத்தத்தை இறக்கும் ஏ வகைப் பொட்டாசியம் வாய்க்கால். நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில், சிஏ1 என்னும் பிரிவின் பிரமிடு வடிவ நரம்பணுக்களில் செல்லுடலிலிருந்து விலக விலக அதன் அடர்த்தி கூடி, சுமார் 350 மைக்ரோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று 1997இல் அளந்தார்கள். ஆகவே திரும்பி ஏறும் துடிப்பு போகப் போகச் சிறுக்கிறது. அதே கிளைக்குச் சற்று முன்பே சினாப்ஸ் உள்ளீடு வந்திருந்தால், இவ்வாய்க்கால்களில் ஒரு பகுதி செயலிழந்துவிடுவதால் துடிப்பு பெருத்து ஏறும்.

புதுவயல் வாசகர்: வாழைப்பழம் தின்றால் இந்தப் பொட்டாசியம் கூடுமா?

கூடாது, இரத்தத்தின் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது.

தேவகோட்டை மாணவர்: எச்சிஎன் (HCN) என்ற இன்னொரு வகை வாய்க்கால் நேர்மின் அயனிகளை உள்ளே விடுகிறது. அப்படியானால் அது கிளர்ச்சியூட்டுவதுதானே?

மேலே விடுத்த எச்சரிக்கையை நீங்கள் படிக்கவில்லை, தம்பி. இவ்வாய்க்காலில் ஒரு பங்கு ஓய்வு நிலையிலேயே திறந்திருப்பதால் சவ்வின் மின்தடை குறைகிறது. மடை திறந்த கண்மாயில் நீர்மட்டம் ஏறாததுபோல, வரும் சினாப்ஸ் மின்னோட்டத்துக்கு அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை, ஏறியதும் விரைவில் இறங்கிவிடுகிறது. அடுத்தடுத்து வரும் உள்ளீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதும் குறைகிறது.

அவரே மீண்டும்: எச்சிஎன்னை அடைத்தால் ஓய்வு நிலையில் சவ்வின் மின்னழுத்தம் கீழே இறங்குமே, ஐயா. பிறகு எப்படிக் கிளர்ச்சி கூடும்?

இது நல்ல மறுப்பு. சில மில்லிவோல்ட் இறங்குவது உண்மை. ஆனால் மின்தடை கூடுவதால் அதே உள்ளீடு பெரிதாகவும் நீண்டும் எழுகிறது. இந்த இரண்டில் எது மிஞ்சும் என்பது உள்ளீட்டின் வலிமையைப் பொறுத்தது. எம் வகை என்னும் வேறொரு பொட்டாசியம் வாய்க்காலும் சேர்ந்து கொள்வதால், எச்சிஎன் வலுவான உள்ளீட்டைத் தாழ்த்தி, மெலிந்ததைச் சற்று உயர்த்துவதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

கோட்டையூர் வாசகர்: ஞாபகசக்திக்கு வாழைப்பழம் நல்லதா?

புதுவயல்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கண்டனூர் தாயார்: என் மகனின் வலிப்பு மாத்திரை சோடியம் வாய்க்காலை அடைப்பதாம். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது, அம்மா. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தேவகோட்டை மாணவர்: ஆக, எச்சிஎன் கிளர்ச்சியா, தடையா?

எந்தக் கிளையில், எவ்வளவு வலுவான உள்ளீட்டுக்கு என்பதையும் சேர்த்துக் கேள்வியை அனுப்புங்கள், தம்பி, பதில் எழுதுகிறேன்.