கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் கேன்யன் மாதிரி ஆற்றுப் பள்ளங்களுக்குள் நடந்து போக முடியுமா? முதல் தடவை போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். ஆனால் ஆந்திராவில் இருக்கும் கண்டிக்கோட்டா போய் வந்த பிறகு இந்த ஆசை வந்தது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். அங்கே பெண்ணாறு அடுக்கடுக்கான பாறையை அறுத்துக்கொண்டு போகிறது, மரம் குறைவு, விளிம்பில் நின்றால் மொத்தப் பள்ளமும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். குமரி மலையில் அப்படி நின்று பார்க்க விளிம்பு கிடையாது. எல்லாவற்றையும் காடு மூடியிருக்கும். ஓடைக்குள் இறங்கி, தண்ணீருக்கு எதிராகக் கொஞ்ச தூரம் ஏறிய பிறகுதான் இரண்டு பக்கமும் பாறை எழும்பியிருப்பதே தெரியும்.

நான் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரன். மலை எங்களுக்கு முற்றத்திலேயே இருக்கிறது. சிறு வயதிலிருந்து ஓடைகளில் ஏறி இறங்கிய பழக்கத்தில் சொல்கிறேன். மலையேற்றப் பயிற்சி எடுத்தவன் இல்லை.

முதலில் பாறை. இங்கே இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட், ஊரில் வெறுமனே கருங்கல் என்போம். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகி மேலே வந்த கல், வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். இவ்வளவு கெட்டியான கல்லைத் தண்ணீர் நினைத்த இடத்தில் அறுத்துவிட முடியாது. எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே நுழைந்து, அந்த விரிசலை அகலமாக்கிக்கொண்டே போகும். அதனால்தான் நம் ஓடைகள் கொஞ்ச தூரம் கோடு போட்டது போல நேராக ஓடி, சட்டென்று ஒடிந்து திரும்பும். சுழலில் மாட்டிய கூழாங்கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆட்டுரல் மாதிரி வட்டக் குழி போட்டிருக்கும். சில குழிகளில் முழங்கால் அளவு தண்ணீர், சிலவற்றில் ஆளே இறங்கிவிடலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதுதான் சிக்கல்.

இதைப் பாதுகாப்பாகப் பார்க்க நல்ல இடம் திற்பரப்பு. எல்லோரும் அருவியில் குளித்துவிட்டு பஜ்ஜி தின்று திரும்பிவிடுகிறார்கள். அருவி ஏறக்குறைய ஐம்பது அடிதான். அதற்கு மேலே கோதையாற்றின் படுகை கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே பாறையாக விரிந்து கிடக்கிறது. தண்ணீர் குறைந்த மாதங்களில் ஓரமாக நின்று அதைப் பார்த்தாலே, விரிசல் எப்படி வாய்க்காலாகிறது, வாய்க்கால் எப்படிப் பள்ளமாகிறது என்று புரிந்துவிடும். பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்தால் இங்கே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குப் படுகையின் ஓரத்துக்குக்கூடப் போக வேண்டாம்.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். பள்ளத்தாக்கு கேட்டால் பாலத்தைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஒரு ஆற்றுப் பள்ளத்தை மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே மணி நேரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பறளியாற்றுக்குக் குறுக்கே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில், பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகக் காமராசர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் முடித்தார்கள். 28 தூண்கள், 115 அடி உயரம். நீளம் ஒரு கிலோமீட்டர் என்று சொல்வது வாட்ஸாப் கணக்கு. உண்மையில் அதில் பாதிகூட இல்லை. மேலே நடந்துவிட்டு படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்கிப் பாருங்கள். வயதான அப்பா அம்மாவோடு வருகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்கும் நடை தொடங்குவது காளிகேசத்தில். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், கீரிப்பாறை வழி. ரப்பர் தோட்டம் முடிந்து காடு ஆரம்பிக்கும் இடத்தில் வனத்துறை செக்போஸ்ட், கட்டணம் கட்டி உள்ளே போகலாம். காளி கோயிலை ஒட்டி ஓடும் ஆறு, யானை அளவுப் பாறைகள், அடியில் கிடக்கும் மணல்கூடத் தெரியும் தண்ணீர். அனுமதி உள்ள தூரம் வரை பாறை விட்டுப் பாறை ஏறிப் போகலாம். கூட்டம் எல்லாம் குளிக்கும் இடத்திலேயே நின்றுவிடும்.

உலக்கை அருவியும் அழகியபாண்டிபுரம் பக்கம்தான். ஊர் எல்லை வரை வண்டி, அப்புறம் காட்டுக்குள் கல்லும் வேரும் கலந்த ஏற்றம். கடைசிப் பகுதியில் இரு பக்கமும் மலை நெருங்கி வரும். இந்த மாவட்டத்தில் ஒரு மலையிடுக்குக்குள் இருக்கிறோம் என்ற உணர்வு எனக்கு அதிகம் வந்தது அங்கேதான். திறந்திருக்கிறதா, அனுமதி உண்டா என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காடு என்பதால் மழை, யானை நடமாட்டம், காட்டுத்தீ என்று ஏதாவது ஒரு காரணத்தால் அடைத்துவிடுவது உண்டு.

இனி இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாம்பைப் பற்றிக் கேட்கிறார்கள், யானையைப் பற்றிக் கேட்கிறார்கள், அட்டையைப் பற்றி ரொம்பவே கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இங்கே ஓடைக்குள் நடக்கிறவர் பயப்பட வேண்டியது மேலே பெய்யும் மழைக்கு.

குமரி மாவட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். வடகிழக்கில் 1600 மீட்டரைத் தாண்டும் மகேந்திரகிரி, மறுபுறம் கடல், நடுவில் பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரத் தூரம். ஆறுகளுக்குச் சமவெளியில் சோம்பிக் கிடக்க இடமே இல்லை. அதோடு தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு பருவமழைதான் பெரிதாகக் கிடைக்கும். எங்களுக்கு இரண்டும் உண்டு: ஜூனில் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை. இந்தக் கோடை மழைதான் ரொம்ப மோசம். கீழே வெயில் அடிக்கும், ஓடை பாதி வற்றியிருக்கும், குழந்தைகள் நடுப்பாறையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும். மேலே மலை முகட்டில் மட்டும் கருத்திருக்கும். கெட்டிப் பாறையும் சரிவும் சேர்ந்த இடத்தில் அந்த மழை மண்ணுக்குள் இறங்க நேரம் இல்லாமல் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். இடுக்கு குறுகலாக இருந்தால் அகலத்துக்குப் போக முடியாத தண்ணீர் உயரத்துக்குத்தான் போகும்.

காட்டில் கூட வந்த, காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "மக்கா, தண்ணி நெறம் மாறுச்சுன்னா ஏன்னு நிக்காத. பைய எடுக்காத. ஏறிரு." நிறம் மாறுவதற்கு முன்பே சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும். சத்தம் கொஞ்சம் கனக்கும். நீங்கள் கண்ணில் குறித்து வைத்திருந்த கல் முனை மறைந்திருக்கும். அதற்காகவே, உட்கார்ந்ததும் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓடை வழியே கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். தண்ணீரோடு ஓடி ஜெயிக்க முடியாது.

ஏறும் இடம் எது என்று முன்னாலேயே பார்த்து வைக்க ஒரு வழி இருக்கிறது. ஓரத்து மரக்கிளைகளில் சருகு, வைக்கோல் போன்ற குப்பை, சில சமயம் பிளாஸ்டிக் பை சிக்கித் தொங்கும். போன வெள்ளம் அந்த உயரம் வரை வந்தது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேலே அது தொங்கினால், அந்த இடம் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இல்லை. கடந்து போவதற்கு மட்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் பத்திரிகையில் நாகர்கோவில் பக்கத்தைப் பாருங்கள். மாவட்டத்தின் மழை அளவும் அணை நீர்மட்டமும் மழைக்காலத்தில் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி என்று பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பாலமோர் என்ற பெயரை. காளிகேசத்துக்கு மேலே மலையில் இருக்கும் எஸ்டேட் அது. நாகர்கோவிலில் சொட்டுக்கூட விழாத நாளிலும் பாலமோரில் நல்ல மழை பெய்திருக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மழை இல்லாமலும் தண்ணீர் ஏறும் ஒரு இடம் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. டர்பைன் ஓடாத நேரத்தில் அவற்றுக்குக் கீழே படுகை காலியாக, நடக்க வசதியாகத் தெரியும். ஓட ஆரம்பித்தால் தண்ணீர் வரும், வானம் நீலமாக இருந்தாலும் வரும். மின் நிலையம், அணை, மதகு எதற்குக் கீழேயும் படுகைக்குள் நடக்காதீர்கள். இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

எப்போது வரலாம்? டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீரும் இருக்கும், அது ஒரே அளவில் ஓடும். பிப்ரவரிக்குப் பிறகு தீ பயத்தில் காட்டுப் பாதைகளை மூட ஆரம்பிப்பார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. ஜூன், ஜூலை சாரலில் காடு அழகுதான், ஆனால் பாறை முழுக்கப் பாசி. அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். 2017இல் ஒக்கி புயல் வந்ததும் நவம்பர் கடைசியில்தான், 2021இல் மாவட்டமே மூழ்கியதும் நவம்பரில்தான்.

அனுமதி விஷயம். மலைக்காட்டின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். கூகுள் மேப்பில் கோடு தெரிகிறது, யூடியூபில் ஒருத்தர் போயிருக்கிறார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. வனத்துறை 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆன்லைனில் பணம் கட்டினால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு அனுப்புவார்கள். குமரி மாவட்டப் பாதைகளும் அதில் இருக்கின்றன. வழிகாட்டி பெரும்பாலும் மலையிலேயே வளர்ந்தவராக இருப்பார், அதற்கே அந்தக் காசு தகும். கயிறு கட்டி அருவி வழியே இறங்கும் கேன்யனிங்தான் வேண்டும் என்றால் இந்த மாவட்டத்தை விட்டுவிடுங்கள். ஆணி அடித்து, கயிறு கட்டி விளையாடச் சரணாலயம் இடமில்லை.

காலுக்கு: ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பழைய கேன்வாஸ் ஷூ போதும். விலை உயர்ந்த தோல் ட்ரெக்கிங் ஷூ நனைந்தால் கல்லாகக் கனக்கும். செருப்பு வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். கறுத்துப் பளபளக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள், சொரசொரப்பாக வெளிறிய பாறை பிடிக்கும். ஓடையைக் கடக்கும்போது கையில் ஒரு கம்பு, முகம் தண்ணீர் வரும் திசைக்கு, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி. முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் கடக்காதீர்கள். பையின் வார்களைத் தளர்த்தி வையுங்கள், விழுந்தால் கழற்றிவிட முடிய வேண்டும். அட்டைக்குக் கொஞ்சம் உப்பு அல்லது மூக்குப்பொடி. கடித்தால் உயிர் போகாது, ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் ஒழுகும், அவ்வளவுதான்.

கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான இடத்தில், குதிக்க வேண்டாம். தெளிந்த தண்ணீரில் ஆழம் குறைவாகத்தான் தெரியும். அடியில் மரம் சிக்கியிருக்கலாம், நான் மேலே சொன்ன குழிகள் இருக்கலாம். ரீல்ஸுக்காகக் குதிப்பதும், பாட்டிலோடு வந்து குதிப்பதும் எங்கள் பக்கத்தில் ஆள் சாகும் வழிகள். நீச்சல் தெரியும் என்பது குளத்துக்குச் சரி.

தனியாக வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வர வேண்டாம், இரண்டு பேரும் போதாது. ஒருத்தருக்குக் கால் பிசகினால் ஒருத்தர் கூட இருக்க வேண்டும், ஒருத்தர் ஆள் கூப்பிடப் போக வேண்டும். காட்டுக்குள் பல இடங்களில் டவர் எடுக்காது.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், விடியற்காலையில் கிளம்பி முதலில் காளிகேசம், வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துவிடுங்கள். வழிக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம், தோலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், குரங்கு பழகிவிடும். மதியம் குலசேகரம் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அப்புறம் திற்பரப்பு, சாயங்காலம் மாத்தூர். நேரம் போதவில்லை என்றால் திற்பரப்பை விடுங்கள், மாத்தூரை விடாதீர்கள்.